எடைமேடையில் இருபத்தொரு விநாடி

பயம் வந்தால் எனக்கு முதலில் கால்தான் ஓடும். மூளை அடுத்த ரயிலைப் பிடித்து நிதானமாக வந்து சேரும். இந்தக் குறையோடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பம்புகளுக்கு வார்ப்பிரும்பு உடல் ஊற்றும் ஒரு கம்பெனியில், இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி மேய்த்திருக்கிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வேப்பம்பட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அங்கே இருப்பவர்கள் விடுவதில்லை. போன வாரம் ஒருவர் போன் செய்தார்.

"சார், புது ஃபயர்வால் போட்டதுலேர்ந்து ஸ்டோர்ஸ் புரோகிராம் ரொம்ப ஸ்லோவாகீது சார்."

"ரொம்பன்னா எத்தனை செகண்டு?" என்றேன்.

எதிர்முனையில் "அது வந்து சார்..." என்று ஓர் இழுப்பு. அந்த இழுப்பை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அதை நானே மொத்தமாக உற்பத்தி செய்துகொண்டிருந்தேன். "அளந்துட்டு சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார். அளந்தால் பாதி அவரே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. அதை எனக்குக் கொடுத்தவரைப் பற்றியும், அதைக் கற்றுக்கொள்ள நான் அடித்த கூத்தைப் பற்றியும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு டிப்ளமோ, கொஞ்ச காலம் டேட்டா என்ட்ரி, பிறகு கம்பெனி அனுப்பிவைத்த ஒரு மாத நெட்வொர்க் வகுப்பு. சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்புகளில் தூங்கினேன். காலை வகுப்புகளில் விழித்திருந்தேன் என்பது பின்னால் உதவியது. தினமும் வேப்பம்பட்டில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறுவேன். முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் போக வேண்டிய ஊருக்கு மற்ற இரண்டு பக்கத்தையும் சுற்றிப் போகிறவன். "உங்க வேலையும் அந்த ரூட்லதான் போவுது" என்பார் தணிகாசலம் சார்.

தணிகாசலம் சார் என் மேலதிகாரி. கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. உற்பத்திப் பிரிவில் டைம் ஸ்டடி பார்த்தவர். ஒரு தொழிலாளி வார்ப்பைத் தூக்க எத்தனை விநாடி, பிசிறு தட்ட எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதும் வேலை அது. கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு தலை வேண்டும் என்று அவரைக் கொண்டுவந்து வைத்தபோது, தன் மரப்பலகையையும் கூடவே கொண்டுவந்தார். பலகையின் மூலையில் ஸ்டாப்வாட்ச், நடுவில் கிளிப் மாட்டிய படிவம். படிவத்தின் கடைசிக் கட்டத்தின் தலைப்பு: 'காத்திருப்புக்குக் காரணம்.'

சார் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. 'ஸ்லோ', 'ரொம்ப', 'அடிக்கடி' ஆகிய மூன்று சொற்களும் அவர் அறையில் செல்லாது. "அடிக்கடி ஹேங் ஆவுது சார்" என்று யாராவது போய் நின்றால், பேனா மூடியைக் கழற்றி, "ஒரு மணிக்கு எத்தனை தடவை?" என்பார். பதில் திருப்தியாக இருந்தால் மட்டுமே மூடியைத் திரும்பப் போடுவார். என் காலத்தில் அந்தப் பேனாவின் மை பெரும்பாலும் காற்றில்தான் காய்ந்தது.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் எங்கள் கம்பெனிக்குள் ஒரு புழு வந்தது. கம்ப்யூட்டர் புழு. கேபிள் வழியாக ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து, 'இன்னும் அறுபது விநாடியில் அணைந்துவிடுவேன்' என்று திரையில் எண்ணிக் காட்டி, சொன்ன சொல் தவறாமல் அணைந்துவிடும். என் கால் ஓடியது. பதினான்கு மேசைக்கும் ஓடி கேபிள்களைப் பிடுங்கினேன். ஓடிய வேகத்தில் ஃபேக்ஸ் மெஷினையும் கேன்டீன் டோக்கன் மெஷினையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். அன்று மதியம் தொழிற்சாலை முழுவதும் டோக்கன் இல்லாமல் சாப்பிட்டது. புழுவால் தொழிலாளர்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை.

புழு ஒழிந்த பிறகு பதினான்கு மெஷினுக்கும் ஃபயர்வாலோடு வந்த புதுத் தொகுப்பை ஏற்றினேன். ஃபயர்வால் என்பது கம்ப்யூட்டருக்கு வாசல் செக்யூரிட்டி. வெளியிலிருந்து தெரியாத ஆள் கதவைத் தட்டினால், திரையில் ஒரு பெட்டியைக் காட்டி நம்மைக் கேட்கும்: உள்ளே விடவா, தடுக்கவா? தடுக்கச் சொல்லிவிட்டால், வந்தவனைப் பார்த்து 'போ' என்றுகூடச் சொல்லாது. அவன் தட்டத் தட்ட வாயைத் திறக்காமல் நிற்கும். அதுவும் போதாது என்று, எல்லா மானிட்டரின் தலையிலும் என் கையெழுத்தோடு ஓர் எச்சரிக்கைத் தாளை ஒட்டினேன். ஒட்டிய மறுநாளே அதை மறந்தும் போனேன்.

இரண்டு மாதம் கழித்து டிஸ்பாட்ச் பிரிவுக்கு ஷமீமா வந்தார். சரக்கு ஏற்றிய லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் வேலை. பழவேற்காட்டுக் குடும்பம், வாப்பாவுக்குப் பொன்னேரியில் ஜவுளிக்கடை. நாலு வருடம் ஸ்டோர்ஸில் ரேக்குகளை எண்ணிக்கொண்டிருந்தவர், கம்பெனி வைத்த தேர்வில் எல்லாரையும் முந்திக்கொண்டு அந்த நாற்காலிக்கு வந்தார். அதில் உட்கார்ந்த முதல் பெண். அவர் டைப் அடித்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் இருக்கும்.

அவர் வந்த அதே வாரம், புரோகிராம் எழுதிக் கொடுத்த சென்னைக்காரர்கள் அதன் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டும் ஒரே வாரம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கச் சம்பளம் வாங்கிய நானும்தான்.

கேட் பாஸ் படுத்துக்கொண்டது. லாரி வரிசை எடைமேடையைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, டீக்கடை வரை நீண்டது. தடா பக்கத்து டிரைவர் சீனையா ஜன்னலில் தலையை விட்டுக் கேட்டார்:

"இன்னா நைனா, உங்க கம்ப்யூட்டரு நாஷ்டா துன்ன போய்கீதா?"

ஒர்க்ஸ் மேனேஜர் ஜெயபால் சார் அடுத்த வாரம் புதன்கிழமை காலை என்னையும் இழுத்துக்கொண்டு நேரில் வந்தார். அவர் வந்த நேரம், ஷமீமா எடை கேட்கும் பட்டனை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"பாத்தியா? வெளிய லாரி லாரியா நிக்குது. இந்தம்மா கைய கட்டிக்கினு குந்திகினுகீது!"

"சார், மெஷினு வெயிட்டு காட்டணும் சார். அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்."

"முன்னாடி இருந்த ஆளுக்கு மட்டும் சட்டுனு காட்டுச்சே? உனக்கு மட்டும் காட்டாதா?"

முன்னால் இருந்தவருக்குக் காட்டியது உண்மை.

"சனிக்கெழம மதியம் அடுத்த ஷிப்ட் லிஸ்ட் ஒட்டுவேன். அதுக்குள்ள சரியாவலன்னா இந்தம்மா ஸ்டோர்ஸுக்கே போயி ரேக்கு எண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷமீமா அழவில்லை. என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "அண்ணா, ஸ்லோவா இருக்கறது என் கையி இல்ல. அத நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. சனிக்கெழமைக்குள்ள நீங்க காட்டணும்."

"நான் இருக்கேன், கவலைப்படாதம்மா" என்றேன். நான் இருப்பதுதான் கவலைக்கே காரணம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கால் ஓடத் தொடங்கியது. புதன் மதியம் கேபிளை மாற்றினேன். கேபிள்கள் கூடும் ஹப்பை மாற்றினேன். எலி கடித்திருக்கும் என்று ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏறினேன். ஏறுவது பயத்தின் வேலை. இறங்குவது மூளையின் வேலை, அது இன்னும் பேசின் பிரிட்ஜில் நின்றுகொண்டிருந்தது. செக்யூரிட்டி ஏணி கொண்டுவந்து இறக்கினார். எடைமேடை அறைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெரிய ஃபைலை இழுத்துப் பார்த்தேன், சிட்டாகப் பறந்து வந்தது. லைனில் குறையே இல்லை. வியாழக்கிழமை ஷமீமாவின் கம்ப்யூட்டரில் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. 'ஃபயர்வால் குற்றவாளி அல்ல' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

"நாளைக்கு இன்னாண்ணா, கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டுவீங்களா?" என்றார் ஷமீமா.

என் பையில் இருந்த எலுமிச்சம்பழத்தை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அது ஊறுகாய்க்கு வாங்கியது என்றுதான் இன்றுவரை சாதித்துவருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் தணிகாசலம் சார் அறைக்குப் போனேன்.

"சார், டிஸ்பாட்ச்சுல ரொம்ப..."

பேனா மூடி கழன்றது. "எத்தனை செகண்டு?"

இரண்டு நாள் கூரை வரைக்கும் ஏறிய ஆள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சார் பலகையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஷமீமாவின் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கேட் பாஸ் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்: வண்டி எண் அடிப்பது, பார்ட்டி பெயர் அடிப்பது, எடை கேட்பது, எடை வருவது, பிரின்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

"நான் இங்க இல்லன்னு நினைச்சிக்கிட்டு வேலையைப் பாரும்மா."

"நீங்க இல்லன்னு நெனச்சிக்கலாம் சார். அந்த வாட்ச்சு டிக்கு டிக்குன்னுதே, அத இன்னா பண்றது?"

பத்து லாரி. பத்து வரிசை. ஒரு பாஸுக்கு மூன்று தடவை எடை கேட்க வேண்டும்: உள்ளே வந்தபோது பதிந்த காலி வண்டி எடை, சரக்கு வண்டி எடை, கடைசியாக ஒரு சரிபார்ப்பு. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு என்னிடம் பலகையை நீட்டினார்.

"குமரவேல், டைப் அடிக்கிற கட்டத்தைப் படிங்க."

"பதினாலு, பதினேழு, பன்னெண்டு, பதினஞ்சு..."

"ஏன் மாறுது?"

"ஆளு வேலை செய்யறாங்க சார். ஒரு தபா மாதிரி இன்னொரு தபா வராது."

"சரி. எடை வர்ற கட்டம்?"

"இருபத்தொண்ணு. இருபத்தொண்ணு. இருபத்தொண்ணு..." முப்பது தடவையும் அதே எண்.

"அங்க என்ன நடக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஷமீமா சொன்னார்: "அங்க யாரும் வேலை செய்யல சார். யாரோ எதுக்கோ காத்துக்கினு இருக்காங்க."

"அதான்" என்றார் சார். "வேலை செஞ்சு களைச்சுப்போனா நேரம் ஏறி இறங்கும். ஒரே மாதிரி ஆவுதுன்னா, இவ்ளோ நேரம்தான் காத்திருக்கணும்னு எவனோ முன்னாடியே எழுதி வச்சிருக்கான்."

அப்போதுதான் என் மூளை ஏறியிருந்த ரயில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தது. காலை வகுப்பு! ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றின் கதவைத் தட்டும்போது, பதில் வராவிட்டால் மூன்று விநாடி காத்திருந்து மறுபடி தட்டும். அப்புறம் ஆறு விநாடி காத்திருந்து கடைசியாகத் தட்டும். அதன்பின் பன்னிரண்டு விநாடி பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும்.

"மூணு, ஆறு, பன்னெண்டு சார்!" என்று கத்தினேன்.

"கூட்டுங்க."

"இருபத்தொண்ணு!"

புரோகிராம் எழுதிய சென்னைக்காரர்களுக்குப் போன் போட்டதும் விஷயம் வெளியே வந்தது. பழைய பதிப்பு, எடைமேடைக் கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் ஃபைலிலிருந்து எடையை எடுத்துக்கொள்ளும். புதுப் பதிப்பு நேராக எடைமேடையின் கதவைத் தட்டி எடை கேட்கும். பதில் வராவிட்டால் இருபத்தொரு விநாடி நின்றுவிட்டு, பழைய ஃபைலுக்கே திரும்பிப் போகும். எப்படியோ எடை வந்துவிடுவதால் திரையில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை. ஷமீமாவுக்கு முன்னால் இருந்தவர் பழைய பதிப்பில் வேலை பார்த்தவர். அவருக்குச் சட்டென்று காட்டியதன் ரகசியம் அவ்வளவுதான். நானோ வியாழக்கிழமை, தட்டுகிற வீட்டு செக்யூரிட்டியை அனுப்பிவிட்டு, தட்டப்படுகிற வீட்டில் நின்றவரை விட்டுவிட்டேன்.

எடைமேடை அறைக்கு ஓடினேன். இந்த முறை காலும் மூளையும் ஒன்றாக ஓடின. அங்கே ஆபரேட்டர் ஏழுமலை இருந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர், விடிந்ததும் மடையைப் பார்த்துவிட்டு ஷிப்டுக்கு வருவார். அந்தக் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலை அணைத்துவிட்டு இன்டர்காமை எடுத்தேன்.

"ஷமீமா, அழுத்தும்மா!"

"அழுத்தி... அண்ணா! வந்துருச்சு! யா அல்லா, வெரல எடுக்கல, வந்துருச்சு!"

இன்டர்காமில் ஷமீமாவுக்குப் பின்னால் சாரின் குரல் கேட்டது: "எத்தனை செகண்டு?"

"ஒண்ணுகூட ஆவல சார்!"

வெற்றிக் களிப்பில் அப்படியே விட்டுவிட்டு வரப் பார்த்தேன். சார் இன்டர்காமை வாங்கினார். "குமரவேல், அணைச்சது சோதனை. அதையே ரிப்பேர்னு சொல்லிட்டு வராதீங்க. புழு திரும்பி வந்தா ஃபேக்ஸைப் பிடுங்க யார் ஓடறது?"

மறுபடி போட்டேன். ஃபயர்வாலின் பட்டியலைத் திறந்தேன். எங்கள் எடை புரோகிராமின் பெயர் அங்கே இருந்தது, எதிரே தடை. அந்த ஒன்றை மட்டும், அதுவும் கம்பெனிக்குள் இருந்து தட்டினால் மட்டும், உள்ளே விடச் சொன்னேன். ஃபயர்வால் போட்ட நிலையிலேயே மறுபடி அளந்தோம். ஒரு விநாடிக்குள் எடை வந்தது.

"ஏழுமலை, ஒரு பெட்டி வந்து கேட்டிருக்குமே, 'பிளாக்' பட்டனை யாரு அழுத்தினது?"

"நான்தான் சார்" என்றார் பெருமையாக. "ரெண்டு மாசமா எந்தப் பெட்டியும் வரல. புதுசு போட்டாங்களே, அன்னிக்கு ஒரே தபா வந்துச்சு. நீங்க சொன்ன மாரியே கரெக்டா அழுத்திட்டேன்."

"நான் எப்ப சொன்னேன்?"

அவர் விரல் மானிட்டரின் தலையைக் காட்டியது. என் எச்சரிக்கைத் தாள். 'திரையில் எந்தப் பெட்டி எதைக் கேட்டாலும் பிளாக் என்பதையே அழுத்தவும். யோசிக்க வேண்டாம். – குமரவேல், கம்ப்யூட்டர் பிரிவு.' பட்டனின் படம் வரைந்திருந்தேன். ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. 'யோசிக்க வேண்டாம்' என்பதன் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு.

வெளியே செருப்புச் சத்தம். என் கை தன்னிச்சையாகத் தாளைப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்தது. ஜெயபால் சார் உள்ளே வந்தார். பின்னால் தணிகாசலம் சாரும் ஷமீமாவும்.

"சரியாச்சாமே? யாருய்யா காரணம்?"

"இங்க ஒரு பட்டன மாத்தி அழுத்தி..." என்று நான் இழுத்தேன்.

"நான்தான் சார் அழுத்துனேன்" என்றார் ஏழுமலை, பாராட்டு வரும் என்ற நம்பிக்கையில்.

"ஓ, நீயா? ரெண்டு வாரமா ரோட்ட அடைச்ச புண்ணியவான் நீதானா? உன்ன இங்கேர்ந்து தூக்குனாத்தான் சரிப்படும்!"

ஏழுமலையின் முகம் தொங்கிப்போனது. ஷமீமாவுக்கு வைத்திருந்த சனிக்கிழமை இப்போது ஏழுமலை தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஷமீமா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார். அதிலிருந்து செல்லோ டேப் ஒன்று நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கால் ஓடச் சொன்னது. கதவை ஜெயபால் சாரின் உடம்பு அடைத்திருந்தது. தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இந்தத் தாள்ல சொன்னதைத்தான் ஏழுமலை செஞ்சாரு சார். சொன்னது நான்."

அவர் வாய்விட்டுப் படித்தார். "யோசிக்க வேண்டாம்" வந்ததும் நிறுத்தி, மறுபடி படித்தார். "செவப்பு இங்க்குல ரெண்டு கோடு வேறயாய்யா?"

"பயத்துல சார்."

அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. ஜெயபால் சார் சிரித்து அந்தத் தொழிற்சாலை பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கும் வரை எடைமேடையில் ஒரு லாரி மரியாதையாக நின்றது.

தணிகாசலம் சார் பலகையை என்னிடம் கொடுத்தார். 'காத்திருப்புக்குக் காரணம்' என்ற கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. 'ஃபயர்வால்' என்று எழுதினேன்.

"அந்தப் பேப்பரை ஃபயர்வாலா ஒட்டுச்சு?"

அடித்துவிட்டு, 'குமரவேலின் பயம்' என்று எழுதினேன். சார் படித்துத் தலையாட்டினார். ஆனால் பேனா மூடியைப் போடவில்லை. "அளவு போடலையே."

"பதினாலு மானிட்டர் சார்."

மூடி பேனாவில் ஏறியது.

ஷமீமாவுக்கு அது போதவில்லை. ஸ்டாப்வாட்ச் பலகையை வாங்கி ஜெயபால் சார் கையில் வைத்தார். "சார், வந்து நீங்களே அளந்து பாருங்க. கைய கட்டிக்கினு இருக்கேனா இல்லியான்னு."

அடுத்த வண்டி சீனையாவுடையது. ஆலங்கட்டி மழை பெய்தது. முப்பத்தெட்டு விநாடியில் பாஸ் பிரின்டரைவிட்டு வெளியே வந்தது. ஜன்னலில் சீனையாவின் அலறல்:

"இன்னாம்மா, அதுக்குள்ளயா? டீ சொல்லிட்டு வந்துட்டேனே!"

ஜெயபால் சார் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒர்க்ஸ் மேனேஜர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் சனிக்கிழமை லிஸ்ட்டை, ஆள் அனுப்பாமல், தானே வந்து ஒட்டினார். டிஸ்பாட்ச்சில் முதல் பெயர் ஷமீமா. எடைமேடையில் ஏழுமலை. நான் மற்ற பதிமூன்று தாள்களையும் பிய்த்துக் கிழித்தேன். பதினான்காவது ஜெயபால் சாரிடமிருந்து எப்படியோ ஷமீமாவின் மேசை இழுப்பறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சில வருடம் கழித்து நான் ஓய்வு பெற்ற அன்று ஷமீமா டிஸ்பாட்ச்சின் பொறுப்பாளர். முன்பே ஓய்வு பெற்று மணவாள நகரில் இருந்த தணிகாசலம் சார், பலகையை ஷமீமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வழியனுப்ப அவரும் வந்தார். மாலையும் கழுத்துமாக என்னைக் கூட்டிப் போய் லாரி எடைமேடையில் நிறுத்தினார்கள்.

"சார், அசையாதீங்க, வெயிட்டு நிக்கணும்" என்றார் ஏழுமலை.

இருபது இருபது கிலோவாக எண்ணும் மேடை அது. எழுபத்திரண்டு கிலோ ஆளுக்கு எண்பது காட்டியது. அந்தக் கம்பெனி எனக்குக் கொடுத்த கடைசி உயர்வு.

ஷமீமா பாஸை நீட்டினார். வண்டி எண்: இரண்டு ரயில். சரக்கு: பழைய இருப்பு, ஒன்று. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் என் தாள் ஒட்டியிருந்தது, சிவப்புக் கோடு மங்காமல்.

கேட்டுக்கு நடந்தேன். செக்யூரிட்டி பாஸைப் பார்த்து, சல்யூட் அடித்து, கதவைத் திறந்துவிட்டார். எதற்கெடுத்தாலும் ஓடும் என் கால் அன்றைக்கு நகரவில்லை. பின்னால் டிக் டிக் என்று கேட்டது.

"அண்ணா, கேட்டு தொறந்து இருபத்தொரு செகண்டு ஆச்சு" என்றார் ஷமீமா, பலகையோடு. "இன்னும் நிக்கிறீங்க. காரணம் இன்னான்னு எழுதறது?"

"டீ சொல்லியிருக்கேன்னு எழுதிக்கம்மா."

அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. தணிகாசலம் சார் எட்டிப் பார்த்தார். படித்தார். ஷமீமா கையில் இருந்து பேனாவை வாங்கி, மூடியைப் போட்டார்.